வாசகர் கேள்வி – பதில்: பாட்டை நடுவில் வைத்துப் பேசலாம்

10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒருவரின் வீட்டில் என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பவர்களின் கடிதங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் இசை பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஓர் இசைச் சிகிச்சையாளரும் பதின்பருவ மனநல ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர், ஊர் நீக்கப்பட்டுள்ளன.

மகளுக்கு 15 வயது. வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்கிறாள். பாட்டு வழியாகப் பேசிப் பார்க்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? – ஒரு தாய்

“என்ன ஆச்சு?” சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல மூன்று விஷயங்கள் வேண்டும். தனக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்கு வார்த்தை கிடைக்க வேண்டும். சொன்னால் அம்மா பதறமாட்டாள் என்ற நம்பிக்கையும் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் கைவசம் இருப்பது பெரியவர்களுக்கே அபூர்வம். பாட்டை நடுவில் வைத்துவிட்டால் பேச்சு அவளைப் பற்றியதாக இருக்காது, பாட்டில் வருகிற ஆளைப் பற்றியதாக ஆகிவிடும். அந்த ஆளுக்கு வலிக்கிறது என்று சொல்வது எளிது.

வாரத்தில் ஒரு நாள், 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. முதல் பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும், அதுவும் நீங்கள் அவள் வயதில் இருந்தபோது திரும்பத் திரும்பக் கேட்டது. பதின்பருவத்தில் கேட்ட பாட்டுகள்தான் மனிதருக்கு வாழ்நாள் முழுக்கப் பளிச்சென்று நினைவில் நிற்கின்றன என்பதால் தேட வேண்டிய அவசியமே இருக்காது. பாட்டு முடிந்ததும் அது உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: “அப்ப எனக்குன்னு ஒரு ஃப்ரெண்டுகூட கிடையாது. இதைக் கேட்டா கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “அதனாலதான் நான் உனக்குச் சொல்றேன்…” என்று மூன்றாவது வாக்கியம் தொடங்கினால் அது அறிவுரையாகிவிடும்.

பிறகு அவளுடைய பாட்டு. ஹெட்போன் வேண்டாம், சிறிய ஸ்பீக்கர் போதும். எதிரெதிரே உட்காராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தாலோ துணி மடித்துக்கொண்டே கேட்டாலோ கண்ணைப் பார்க்கும் கட்டாயம் இல்லை, அதனாலேயே வாய் திறக்கும். பாட்டு ஓடும்போது குறுக்கே பேச வேண்டாம். முடிந்ததும் மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். பெரியவர்கள் அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் எதையாவது சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை பேச நினைத்தது அங்கேயே நின்றுபோகிறது.

கேள்விகளில் மூன்று படி உண்டு. முதல் படி, இசையைப் பற்றியது: “எந்த இடம் உனக்கு ரொம்பப் பிடிக்கும்?”, “அந்த டிரம்ஸ் நிக்கற இடத்துல என்ன ஆகுது?” இரண்டாவது, பாட்டில் வரும் ஆளைப் பற்றியது: “அவ யார்கிட்ட இதைச் சொல்றா?”, “அவளுக்கு என்ன வேணும்னு நினைக்கிறே?” மூன்றாவதுதான் அவளைப் பற்றியது: “உனக்கும் எப்பவாவது அப்படி இருந்திருக்கா?” முதல் மூன்று வாரம் மூன்றாம் படியில் கால் வைக்காதீர்கள். இந்த முயற்சி தோற்றுப்போகிற வீடுகளில் பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கிறது. முதல் நாளே “நீயும் இப்படித்தான் இருக்கியா?” என்று கேட்டால், பாட்டு ஒரு தூண்டில் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அடுத்த வாரமும் பாட்டு கொண்டுவருவாள். ஆனால் அது அவளுக்கு ஒன்றுமே இல்லாத பாட்டாக இருக்கும்.

இன்னொன்று. மனசில் என்ன இருந்தாலும் “கஷ்டமா இருக்கு” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. ஒரு தாளில் தவிப்பு, வெறுமை, எரிச்சல், அவமானம், குற்ற உணர்ச்சி, ஏக்கம், பதற்றம், சலிப்பு, பொறாமை, நிம்மதி, ‘மரத்துப்போன மாதிரி’ என்று ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, பாட்டுக்கு எது பொருந்தும் என்று ஆளுக்கு இரண்டு சொல் தொட்டுக் காட்டுங்கள். நீங்கள் தொடுவதும் அவள் தொடுவதும் வேறாக இருந்தால் நல்லது, அங்கே பேச விஷயம் கிடைக்கும். “தெரியல” என்றால் “சரி” என்று விட்டுவிடுங்கள்.

16 வயது மகன் சாவு, தனிமை, வெறுப்பு என்று கத்துகிற பாட்டுகளையே கேட்கிறான். வரிகளைப் படித்துப் பார்த்து அரண்டுபோனேன். இதையெல்லாம் தடுக்க வேண்டாமா? – ஒரு தந்தை

தடுத்தால் பாட்டு போகாது, உங்களுக்குத் தெரியாமல் கேட்பான். அத்தோடு அவன் மனநிலையை வெளியிலிருந்து பார்க்க இருந்த ஒரே சன்னலும் மூடிவிடும்.

கனமான பாட்டு கேட்பதாலேயே பிள்ளை கெட்டுப்போவான் என்பது சரியல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உரத்த கிட்டாரும் டிரம்ஸும் கத்தலுமாக இருக்கும் கடும் மெட்டல் இசையின் ரசிகர்கள் 39 பேருக்கு வேண்டுமென்றே கோபத்தைக் கிளறிவிட்டு, பிறகு ஒரு பகுதியினரைத் தங்கள் இசையைக் கேட்கவும் மற்றவர்களைச் சும்மா இருக்கவும் வைத்தார்கள். இசை கேட்டவர்களின் கோபம் கூடவில்லை. சும்மா இருந்தவர்களைப் போலவே அவர்களும் தணிந்தார்கள். அவர்கள் 18 வயதைத் தாண்டியவர்கள், குழுவும் சிறியது. அதனால் இதை அப்படியே உங்கள் மகனுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் ‘சத்தமான பாட்டு கோபத்தை வளர்க்கும்’ என்ற நம் எண்ணத்தை மறுபடி யோசிக்க வைக்கிறது.

எந்தப் பாட்டு என்பதைவிட, அந்தப் பாட்டை அவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதே முக்கியம். ஃபின்லாந்தின் இசை ஆய்வாளர் சுவி சாரிகாலியோ வேறு இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, இளம்வயதினர் இசையை நல்லபடியாகப் பயன்படுத்துகிறார்களா இல்லையா என்று பார்க்க 13 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை 2015-இல் வெளியிட்டார். அதன் அடிப்படை இதுதான்: ஒரே பாட்டு ஒருவருக்கு ஆறுதலாக இருக்கும், இன்னொருவரைப் பழைய காயத்தையே கிளறிக்கொண்டிருக்கச் செய்யும். பாட்டு கேட்டு எழுந்த பிறகு மனசு லேசாகி வெளியே வருகிறானா, வேறு வேலை பார்க்கிறானா? அப்படியானால் அது அழுது தீர்ப்பது போன்றது, கவலை வேண்டாம். கேட்கக் கேட்க இன்னும் இருண்டுபோகிறானா, நிறுத்த முடியவில்லையா, ஆட்களிடமிருந்து ஒளிந்துகொள்ளவே கேட்கிறானா? அப்படியானால் கவனிக்க வேண்டும். இதை நீங்களே யூகிக்காதீர்கள். “இதைக் கேட்டு முடிச்சதும் உனக்கு எப்படி இருக்கும்? முன்னைவிட லேசாவா, கனமாவா?” என்று அவனிடமே கேட்கலாம். பதின்பருவப் பிள்ளைகள் இதற்கு ஆச்சரியப்படும்படி நேர்மையாகப் பதில் சொல்வார்கள். யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

பாட்டோடு வேறு மாற்றங்களும் சேர்ந்தால் விஷயம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் சோர்ந்தோ எரிந்தோ விழுவது, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது, உயிராக நினைத்த விளையாட்டையோ நண்பர்களையோ விட்டுவிடுவது, தனக்குப் பிடித்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, “நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி” என்கிற மாதிரிப் பேச்சு. இவற்றைப் பார்த்தால் பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. 2014-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை என்று காட்டியது. “ஆமா” என்று சொன்னால் அவனைத் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அன்றே மருத்துவரையோ உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண்ணையோ அணுகுங்கள்.

மகளின் பாட்டுச் செயலியில் அவள் என்ன கேட்கிறாள் என்று ரகசியமாகப் பார்த்து மனநிலையைத் தெரிந்துகொள்ளலாமா?

வேண்டாம். பாட்டுப் பட்டியலை வைத்து மனநிலையைக் கணிப்பது நம்பகமானது அல்ல. பாதிப் பாட்டுகள் செயலி தானாக அடுத்தடுத்துப் போட்டவையாக இருக்கும். தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். இருவரும் சேர்க்கக்கூடிய பொதுப் பட்டியல் ஒன்றை வெளிப்படையாகத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு பாட்டு சேர்ப்பது, ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பது மட்டும் விதி. சோகப் பாட்டு கேட்டால் செயலி மேலும் மேலும் சோகப் பாட்டையே தள்ளிக்கொண்டிருக்கும். அதை எப்படி நிறுத்துவது, கேட்ட வரலாற்றை எப்படி அழிப்பது என்று அவளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவள் கற்றுத்தர, நீங்கள் கற்கும் அந்தப் பத்து நிமிடமும் ஒரு பேச்சுதான்.

13 வயதுப் பேரனை நான்தான் வளர்க்கிறேன். அவன் கேட்கிற பாட்டின் மொழியே எனக்குத் தெரியாது. தாளமும் காதைக் குடைகிறது. என்னால் இதைச் செய்ய முடியுமா? – ஒரு தாத்தா

தாராளமாக முடியும். தெரியாமல் இருப்பது உங்களுக்குச் சாதகம் என்றே சொல்வோம். வரி தெரிந்தவர்கள் வரியைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவார்கள். நீங்கள் “இதுல என்னடா சொல்றான், எனக்குச் சொல்லு” என்று உண்மையாகவே கேட்கலாம். அவன் தன் மொழியில் விளக்கும்போது எந்த வரியை அழுத்துகிறான், எதைத் தாண்டிப் போகிறான் என்று கவனியுங்கள். தாண்டிப் போனதைத் தோண்ட வேண்டாம், நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பிடிக்காத பாட்டைப் பிடித்த மாதிரி நடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். “சத்தம் எனக்கு அதிகமா இருக்கு. ஆனா அந்தப் பாடகி மூச்சு வாங்கற இடம் நல்லா இருந்துது” என்று உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு நல்ல இடமாவது காதில் படும். சொல்லக் கூடாதவை இரண்டு: “இதெல்லாம் ஒரு பாட்டா?”, “எங்க காலத்துல…” பாட்டை மட்டம் தட்டினால் தன்னையே மட்டம் தட்டியதாகத்தான் அந்த வயதில் எடுத்துக்கொள்வார்கள்.

பேச்சு வராத நாட்களில் மேசையைத் தட்டி விளையாடுங்கள். இரண்டு நிமிடம் அவன் தட்டுவதை நீங்கள் பின்தொடர வேண்டும். அவன் வேகமானால் வேகம், நிறுத்தினால் நிறுத்தம். அடுத்த இரண்டு நிமிடம் அவன் உங்களைப் பின்தொடரட்டும். முதல் பாதியில் பெரியவர்கள் தெரியாமலே தாளத்தைத் தங்கள் கைக்கு இழுத்துக்கொள்வார்கள். அப்படி இழுக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சிலும் நாம் அதையேதான் செய்துகொண்டிருப்போம்.

மகள் சோர்ந்திருக்கும்போது உற்சாகமான பாட்டு போட்டேன். “நிறுத்துறியா!” என்று கத்திவிட்டாள். என்ன தவறு? – ஒரு சித்தி

பாட்டு அவள் இருந்த இடத்துக்கு வரவில்லை, அவளை உங்கள் இடத்துக்கு இழுத்தது. 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் ஒரு முறையை முன்வைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஐசோ’ கொள்கை என்று பெயர். முதலில் மனநிலைக்கு ஒத்த இசை. பிறகு சிறிது சிறிதாக அதை மாற்றிக்கொண்டு போவது. இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் செய்ய ஆறு பாட்டு போதும், மொத்தம் 20 முதல் 25 நிமிடம். முதல் இரண்டும் அவள் இப்போது இருக்கும் மனநிலையிலேயே இருக்க வேண்டும். சோகமென்றால் சோகம், கோபமென்றால் கோபம். மூன்றும் நான்கும் அரைப்படி நகர்ந்தவை: மெட்டு இன்னும் மென்மைதான், ஆனால் வரியில் கொஞ்சம் காற்று வரும். கடைசி இரண்டும் அவள் போய்ச் சேர விரும்புகிற இடம். அது மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ‘தூங்க முடிகிற அளவு அமைதி’ என்பதும் நல்ல இலக்கு. வேகத்தை அளக்க 15 விநாடியில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு 10, 15 தட்டுக்கு மேல் தாவாமல் பார்த்துக்கொள்வது கைப்பழக்கமாக நாங்கள் சொல்லும் அளவு.

பட்டியலை அவள் நன்றாக இருக்கும் நாளில், அவளே போட வேண்டும். சோர்ந்திருக்கும்போது தேட ஆரம்பித்தால் முதல் பாட்டிலேயே மாட்டிக்கொள்வாள். பட்டியல் தானாக முதலுக்குத் திரும்பி ஓடாதபடி ‘ரிப்பீட்’டை அணைத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து எந்தப் பாட்டு வேலை செய்யவில்லை என்று கேட்டு அதை மட்டும் மாற்றுங்கள். பாட்டோடு வேறொரு கெட்ட நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும், அது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பாட்டு கேட்டபடியே தூங்குகிறான். பரவாயில்லையா?

சத்தமும் நேரமும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். அளக்கக் கருவி இல்லையென்றால் கைப்பேசியின் ஒலியை 60 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். 30 நிமிடத்தில் தானே நிற்கும்படி டைமர் போடலாம். படுக்கப்போகும் நேரத்தில் மனப்பாடமான பாட்டு வேண்டாம், அது காதில் ஓடிக்கொண்டே இருந்து தூக்கத்தைக் கெடுக்கும். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தெரிந்த பாட்டின் வரியில்லாத இசை வடிவம்தான் இன்னும் அதிகமாக மண்டைக்குள் சுற்றியது. வரி இல்லாவிட்டால் மூளையே அதை நிரப்பிக்கொள்ளும் போலிருக்கிறது. முன்பின் கேட்காத மெல்லிய இசை மேல்.

எனக்கு 16 வயது. எனக்குள் என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல ஆசை. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. பாட்டு அனுப்பலாமா? – ஒரு மாணவி

அனுப்பு. முழுப் பாட்டையும் அனுப்பிவிட்டுப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்காதே. பெரியவர்கள் பல சமயம் மெட்டை மட்டும் கேட்டுவிட்டு “நல்லாயிருக்கும்மா” என்று ஒரு இதயம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உனக்கு அது பெரிய அடியாக இருக்கும். 30 விநாடி மட்டும் குறித்துக்கொள். கூடவே மூன்று விஷயம் எழுது: எந்த இடம், அது எதைச் சொல்கிறது, அம்மா என்ன செய்ய வேண்டும். இப்படி:

“அம்மா, இந்தப் பாட்டுல 1:10-லேருந்து 1:40 வரைக்கும் கேளு. ரெண்டு மாசமா எனக்கு இப்படித்தான் இருக்கு. என்னால வாயால சொல்ல முடியல. கேட்டுட்டு உடனே எதுவும் சொல்லாம என் பக்கத்துல வந்து உக்காரு.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. என்ன செய்வதென்று தெரியாமல்தான் பெரியவர்கள் அறிவுரையில் இறங்கிவிடுகிறார்கள். அம்மா வேலையிலோ சண்டையின் நடுவிலோ இருக்கும்போது அனுப்பாதே. வீட்டில் சேர்ந்திருக்கும் ஒரு மாலையில் அனுப்பு.

பொருத்தமான பாட்டு கிடைக்கவில்லையென்றால் நான்கு வரியை நீயே நிரப்பலாம்: “வெளியிலேருந்து பாத்தா நான் …”, “உள்ள …”, “ராத்திரி ஆனா …”, “யாராவது … பண்ணினா நல்லா இருக்கும்.” சந்தம் தேவையில்லை.

அம்மாவுக்குப் புரியவில்லையென்றால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதே. அத்தை, மாமா, ஆசிரியர், பள்ளி ஆலோசகர் என்று இன்னொருவரிடம் இதையே அனுப்பு. உன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால் பாட்டு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் போய் “எனக்கு இப்பவே உதவி வேணும்” என்று மட்டும் சொல். அந்த ஒரு வாக்கியம் போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பள்ளியில் மாணவர்களையும் வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்து ஓர் இசை அமர்வு நடத்த விரும்புகிறோம். எப்படித் திட்டமிடுவது? – ஓர் ஆசிரியை

ஆறு ஜோடி, அதாவது 12 பேருக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நடத்த இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் அமர்வை நடத்துவார். இன்னொருவர், மனநலப் பயிற்சி பெற்றவர், யாராவது உடைந்து அழுதால் அவரோடு எழுந்து வெளியே போவார். பக்கத்திலேயே ஒரு காலி அறை இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் நடத்திய அமர்வுகளில் அழுத பிள்ளையைக் கவனிப்பதா மற்ற பதினொரு பேரைக் கவனிப்பதா என்று திணறிப்போகிறார்கள்.

முதல் 10 நிமிடம் விதிகள்: பாட்டைப் பற்றித்தான் பேச்சு. ‘நான் தாண்டிப் போகிறேன்’ என்று யாரும் சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. கைப்பேசி பைக்குள். இங்கே பேசியது வெளியே போகாது. ஆனால் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உரியவரிடம் சொல்வோம். இந்தக் கடைசி விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

அடுத்து 15 நிமிடம், மேலே தாத்தாவுக்குச் சொன்ன தட்டு விளையாட்டு, ஜோடி ஜோடியாக. பிறகு எல்லோருக்கும் ஒரே பாட்டு, இரண்டு முறை. நான்கு நிமிடத்துக்கு உட்பட்டது, வரிகள் அச்சடித்து ஆளுக்கு ஒரு தாள். இரண்டாம் முறை கேட்கும்போது தன்னைத் தொட்ட ஒரு வரிக்குக் கீழே கோடு போட வேண்டும். பெரியவர்களும் பிள்ளைகளும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து செய்யட்டும். பக்கத்தில் இருந்தால் பிள்ளை அம்மாவின் தாளைப் பார்த்து அதே வரியில் கோடு போட்டுவிடும். அதன்பின் தாள்களை மாற்றிக்கொண்டு ‘அவர் ஏன் இந்த வரியில் கோடு போட்டிருப்பார்?’ என்று ஒருவர் மற்றவருக்காக யூகித்து எழுத வேண்டும். 20 நிமிடம் ஜோடியாக உட்கார்ந்து யூகம் சரியா என்று கேட்டுக்கொள்வது. இந்த அமர்வின் உயிர் இங்கேதான். தவறான யூகத்தைத் திருத்துவதற்காகப் பிள்ளைகள் பேசுகிற அளவு, நேரான கேள்விக்கு ஒருபோதும் பேசமாட்டார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வலியைச் சொல்கிற பாட்டாக இருக்கலாம்; சாவை அழகாக்கிக் காட்டுவதோ எப்படி என்று விவரிப்பதோ வேண்டாம். எங்கேயாவது ஒரு கதவு திறந்திருக்கிற பாட்டு நல்லது. மாணவர்கள் மூவரைக் கொண்ட சிறு குழு ஐந்து பாட்டு பரிந்துரைக்கட்டும், அதிலிருந்து நீங்கள் ஒன்றை எடுங்கள். ஆசிரியர் தானே தேர்ந்தால் பாடமாகிவிடும்.

கடைசி 10 நிமிடத்தை எந்தக் காரணம் கொண்டும் தின்றுவிடாதீர்கள். கனமான பாட்டுக்குப் பிறகு நேரமாகிவிட்டது என்று கலைந்து போனால் கிளறிய மனதோடு வீட்டுக்குப் போவார்கள், இரவில்தான் அது வேலை செய்யும். மெல்லிய இசை, நிதானமான மூச்சு, ஆளுக்கு ஒரு சொல், உதவி எண் அச்சடித்த சீட்டு. எல்லோருக்கும் கொடுங்கள், கேட்டவருக்கு மட்டும் அல்ல.

மகனை இசைச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொன்னார் மருத்துவர். பாட்டு வகுப்பில் சேர்த்தால் போதாதா?

இரண்டும் வேறு. வகுப்பில் பாட்டு சரியாக வர வேண்டும். சிகிச்சையில் சரி தவறே கிடையாது. வாசிப்பதும் எழுதுவதும் கேட்பதும் மனதைப் பார்க்கிற வழிகள். சிகிச்சையாளர் அதற்கென்றே படித்தவர், இலக்கு வைத்து முன்னேற்றத்தை அளப்பார். இசை தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. முதல் சந்திப்பில் அவருடைய தகுதி, எத்தனை அமர்வு, பெற்றோரிடம் எதைப் பகிர்வார் எதைப் பகிரமாட்டார் என்று கேளுங்கள்.

பலன் உண்டா? மனச்சோர்வுக்கு இசைச் சிகிச்சை பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 9 ஆய்வுகளில் 421 பேரைப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது, குறுகிய காலத்தில் கூடுதல் நன்மை தெரிந்தது. ‘சேரும்போது’ என்பதைக் கவனியுங்கள். மருந்தையோ ஆலோசனையையோ நிறுத்திவிட்டு அல்ல. வட அயர்லாந்தில் 8 முதல் 16 வயது வரை 251 பேரிடம் நடந்த சோதனையில் வாரம் ஒன்றாக 12 அமர்வு நடந்தது. முடிந்த உடனே தன்மதிப்பு கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அதனால் அமர்வுகள் முடிந்த பின் வீட்டில் என்ன தொடர வேண்டும் என்று சிகிச்சையாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவளோடு பாட்டு கேட்கும்போது எனக்கே அழுகை வந்துவிடுகிறது. மறைக்கணுமா?

மறைக்க வேண்டாம், விளக்கிவிடுங்கள்: “இது எனக்கு என் அப்பா ஞாபகம் வர்ற பாட்டு. உன்னால இல்ல.” அழுகைக்குத் தான்தான் காரணம் என்று பிள்ளை நினைத்தால் அடுத்த வாரம் உங்களைக் காப்பாற்ற லேசான பாட்டாகத் தேடிக் கொண்டுவருவாள். ஒவ்வொரு வாரமும் இப்படியே ஆனால், உங்களுக்கும் பேச ஒரு ஆள் தேவைப்படுகிறது என்று பொருள். அந்த ஆள் உங்கள் பிள்ளையாக இருக்கக் கூடாது.

நீங்கள் சொல்கிற மாதிரியே செய்துவந்தோம். ஐந்தாவது வாரம் மகன், “எனக்கும் இந்தப் பாட்டுல வர்ற மாதிரிதான் இருக்கு” என்றான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “அதெல்லாம் சரியாயிடும்டா” என்று சொல்லிவிட்டேன். கெடுத்துவிட்டேனா? – ஒரு தந்தை

இல்லை. இதைத் திருப்பிக்கொள்ளலாம், சீக்கிரம் செய்தால் நல்லது. இன்றைக்கோ நாளைக்கோ அவனிடம் போய், “அன்னிக்கு நீ ஒரு விஷயம் சொன்னே. நான் பயந்துட்டு, சரியாயிடும்னு சொல்லி மூடிட்டேன். அதை இன்னொரு தடவை சொல்றியா? இந்தத் தடவை கேக்கறேன்” என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்பதை நீளமாக்க வேண்டாம், நீளமாக்கினால் அவன் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அவன் சொல்லும்போது நீங்கள் செய்ய வேண்டியது குறைவுதான். அவன் பயன்படுத்திய சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள். ‘வெறுமையா இருக்கு’ என்றால் “வெறுமையா” என்பதே போதும், அதை ‘சோகம்’ என்று மாற்ற வேண்டாம். எத்தனை நாளாக, ஒரு நாளில் எந்த நேரம் மோசம், எப்போதாவது கொஞ்சம் குறைகிறதா என்று கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பிறகு, “எது உதவியா இருக்கும்? நான் கேட்டா போதுமா, இல்ல சேர்ந்து ஒரு டாக்டரைப் பாக்கலாமா?” இரண்டு வாரத்துக்கு மேலாக இருக்கிறது என்றாலோ, படிப்பு, தூக்கம், நட்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று குலைந்திருக்கிறது என்றாலோ மருத்துவரைப் பார்ப்பதை அவன் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த மருத்துவர், எந்த நாள், நீங்கள் உள்ளே வரலாமா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யட்டும். என்ன சொல்வது என்று திணறினால் அந்தப் பாட்டை மருத்துவரிடமும் போட்டுக் காட்டலாம், அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள்.

அவன் சொன்னதை வீட்டில் வேறு யாரிடமும் அவனைக் கேட்காமல் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம் உட்காருங்கள். அன்றைக்கு விளையாட்டாக ஒரு குத்துப் பாட்டைக் கொண்டுவந்தான் என்றால், போன வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல் அதை முழுசாகக் கேளுங்கள்.